அத்தையின் கடைசிச் செலவு

எங்கள் அத்தை செத்துப்போன அன்று தெருவில் எல்லோருக்கும் ஒரே கவலைதான் இருந்தது. செலவு யாருடையது? அத்தை அப்பாவின் தங்கை. கட்டிக்கொடுத்த இடம் ஆரணிப் பக்கம். லாரி விபத்தில் மாமா போனபிறகு, பிள்ளைகுட்டி இல்லாமல் கும்மிடிப்பூண்டிக்கே திரும்பி வந்து, எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தாள். பை தைக்கிற கம்பெனியில் வேலை. வாங்குகிற சம்பளம் மருந்துக்குப் போகும். மிச்சமிருந்தால் எனக்கு முறுக்காக வரும். கையில் ஒன்றுமில்லாமல்தான் கண்ணை மூடினாள்.

எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் ஒரு முறை உண்டு. பெண் செத்தால் பிறந்த வீடு கோடிப் புடவை போர்த்தும். அதோடு அதன் உரிமை முடிந்தது. புகுந்த வீட்டு ஆண் தன் பங்குக்கு ஒரு கோடியோடு வந்து கொள்ளி வைக்க வேண்டும். ஐஸ் பெட்டி, மேளம், வண்டி, பூ என்று மற்ற செலவெல்லாம் கொள்ளி வைப்பவனைச் சேர்ந்தது. அவர்கள் யாரும் வராவிட்டால் அண்ணனே எடுத்துப் போகலாம், தடுக்க ஆளில்லை. ஆனால் நாதியில்லாமல் போனாள் என்ற பேச்சு நிலைத்துவிடும். அப்பாவுக்கு அந்தச் சொல்தான் தாங்கவில்லை.

பந்தல் போட்டு முடிப்பதற்குள் சின்னத்தாத்தா ஆரம்பித்துவிட்டார். முறை பேசுவதில் அவரை அடிக்க ஆளில்லை.

"அவ கொழுந்தனுக்கு சொல்லி அனுப்சியா? அவன் வரலன்னா இன்னா பண்ணப்போற?"

"வருவான் சித்தப்பா" என்று சொல்லிவிட்டு, அப்பா போனோடு பின்பக்கம் போனார். வெகுநேரம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். இரும்புக் கம்பெனியில் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்தியே பழகியவர். அவருக்கு அப்படியொரு குரல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. திரும்பி வந்து அம்மாவின் காதில் ஏதோ சொன்னார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பஜாருக்குக் கிளம்பினாள்.

ஜவுளிக் கடையில் முதலில் மஞ்சளில் ஒரு புடவை எடுத்தாள். அது எங்கள் வீட்டுக் கோடி. பிறகு அரக்கு நிறத்தில், பெரிய கரை வைத்து, இன்னொன்று எடுத்தாள். அதுதான் விலை கூட.

"இது உனுக்காம்மா?"

"வாய மூடிக்கினு வா."

அம்மாவுக்குத்தான் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். சாவு நாளில் தனக்கு நல்ல புடவையாகப் பார்த்து எடுக்கிறாளே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. மத்தியானத்துக்கு மேல் அந்தப் பையை வாங்கிக்கொண்டு அப்பா வண்டியில் ரயிலடிப் பக்கம் போய்விட்டு வந்தார்.

சற்று நேரத்தில் மேளக்காரர்கள் தெருமுனைக்கு ஓடினார்கள். கோடி கொண்டு வருகிறவர்களை அங்கிருந்து மேளம் அடித்து அழைத்து வருவதுதான் வழக்கம். வெடி வெடித்தது. "புகுந்த ஊட்டு கோடி வருது, வழி உடு!" என்று ஒருவர் கூவினார். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள்கூட நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். புகைக்குள்ளிருந்து அத்தையின் கொழுந்தனார் வந்தார். ஒல்லியான மனிதர். தோளில் ஆள் உயர மாலை, கையில் தட்டு, தட்டில் அந்த அரக்குப் புடவை.

"அம்மா, நீ எடுத்த அதே பொடவ!" என்று கத்தினேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. வலித்தாலும் என் ஆச்சரியம் அடங்கவில்லை. இத்தனை கடை இருக்கிற உலகத்தில் அம்மா எடுத்ததையே எடுத்திருக்கிறாரே, எப்பேர்ப்பட்ட ரசனை!

சின்னத்தாத்தா கையை உயர்த்தினார். மேளம் நின்றது. "செலவு யாருதுன்னு ஊரு முன்னாடி சொல்லிடுப்பா."

கொழுந்தனார் அப்பாவை ஒருமுறை பார்த்தார். பிறகு அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க அண்ணி. எனுக்கு சோறு போட்டவங்க. கொள்ளியும் எங்குளுது, செலவும் எங்க ஊட்டுது."

சின்னத்தாத்தா தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். யாருக்கும் வளையாத அப்பா தலையைக் குனிந்துகொண்டார். இந்த மாமா பெரிய ஜமீன் போலிருக்கிறது என்று நினைத்தேன். காலில் செருப்பு இல்லாததைக்கூடப் பணக்காரரின் எளிமை என்றே எடுத்துக்கொண்டேன்.

புடவை, மாலை, மேளம், அவருடைய ரயில் டிக்கெட் எல்லாமே அப்பா கொடுத்தவை என்று அம்மா சொன்னது நான் கல்லூரிக்குப் போன பிறகுதான். வெறுங்கையோடு எப்படி வருவேன் என்று கூலி வேலை செய்யும் அந்த மனிதர் போனில் அழுதாராம்.

அத்தையின் சாவுக்குப் பிறகு கொழுந்தனார் அடிக்கடி எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். கத்தரிக்காயோ கீரையோ ஒரு பை நிறைய இருக்கும். கிளம்பும்போது அப்பாவின் சட்டைப் பையில் மடித்த ரூபாய் நோட்டுகளைத் திணிப்பார், அப்பா பிடுங்கித் திருப்பித் திணிப்பார். வாசலில் இருவருக்கும் தள்ளுமுள்ளே நடக்கும். வசதியான சொந்தக்காரர்கள் இப்படித்தான் விடைபெறுவார்கள் என்று நான் ரசித்துப் பார்ப்பேன். ஒருநாள் அப்பா அலுத்துப்போய்ச் சத்தம் போட்டார்.

"போதும்பா. அன்னிக்கி அப்டி சொல்ல சொன்னதே நான்தான? யாரு உன்ன கேக்கப்போறாங்க?"

"சொல்ல சொன்னது நீங்கதான் மாமா. ஊரு முன்னாடி சொன்னது நானு."

அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்து, அந்த மாமாவுக்கு எவ்வளவு சொத்து இருக்கிறது என்று கேட்டேன்.

"நெறைய கீதும்மா" என்றார் அப்பா.

அடேயப்பா என்று வாயைப் பிளந்தேன்.