தம்பி மாட்டித் தந்த கைப்பிடி

தம்பியின் முதலாமாண்டு நினைவுக்கு வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் பழகியவர்களுக்கும் அவருடைய அக்காள் வணக்கம் சொல்லி எழுதுகிறேன். எழுத்துக் கூட்டி வாசிக்கும் அளவுக்குத்தான் என் படிப்பு. நான் சொல்லச் சொல்லத் தம்பி மகள் எழுதினாள். நேரில் தம்பியை ‘ஏலே’ என்றுதான் கூப்பிட்டேன். இந்த நினைவு மலரில் மரியாதை குறையக் கூடாது, அதனால் ‘அவர்’.

தம்பி பிறந்தது சிவகிரிப் பக்கம், நெல் விதைக்கிற குடும்பத்தில். அப்பா சீக்கிரம் போய்விட்டார். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, புளியங்குடி எலுமிச்சை மண்டிக்குக் காய் பிரிக்கப் போனார் தம்பி. அந்தச் சம்பளத்தில்தான் எனக்குக் குற்றாலத்தில் கல்யாணம் நடந்தது. பிறகு தென்காசியில் சொந்தமாகக் கடை வைத்தார். எந்தப் பொருளையும் உருட்டிப் பார்க்காமல், மோந்து பார்க்காமல் வாங்க மாட்டார். பெண் பார்க்கப் போன இடத்திலும் காப்பி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் என்று தம்பி மனைவி இன்றைக்கும் சொல்லுவாள்.

என் வீட்டின் கீழ்ப்பகுதியைச் சீசனுக்கு வருகிறவர்களுக்கு விட்டுவிட்டு நான் மாடியில் இருக்கிறேன். மாடிப்படி வெளியே இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு சீசனில், சாரல் நனைத்த படியில் கால் வழுக்கியது. கைப்பிடியைப் பிடித்தேன். அது என்னோடு சேர்ந்து வந்துவிட்டது. போல்ட்டெல்லாம் துருவாய் உதிர்ந்திருந்தது. இடுப்பு எலும்பு முறிந்து, நடை வரும் வரை தென்காசியில் தம்பி வீட்டில் இருந்தேன்.

கோயம்புத்தூரில் இருக்கும் என் மகன், வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வந்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அவன் பயத்திலும் நியாயம் உண்டு. ஆனால் என் வீட்டில் நான் யார் கையையும் எதிர்பார்த்து இருந்தவள் இல்லை. இன்னொருத்தி அடுப்படியில் ஒதுங்கி நிற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அடுத்த சாரலுக்குள் கைப்பிடி போடுகிறேன், அது நிற்கிறதா என்று நீயே பார்த்துவிட்டு முடிவு சொல் என்று என் மகனிடம் தம்பி தவணை வாங்கினார்.

கம்பி அடிக்க ஆள் கிடைத்தார். நல்ல போல்ட்டுதான் கிடைக்கவில்லை. தென்காசியில் தம்பி ஏறாத இரும்புக் கடை இல்லை. எல்லாக் கடையிலும் துருப்பிடிக்காது அண்ணாச்சி என்றே சொன்னார்களாம். எல்லாம் பளபளவென்றுதான் இருந்தது. கடைக்கு ஒன்றாக வாங்கி, அடையாளத்துக்குக் கலர் நூல் கட்டிக்கொண்டு வந்தார்.

மகனுக்கென்று நான் ஊறுகாய் போட்டு வைத்திருந்தேன். ஒரு காலையில் ஜாடியைக் கிளறினால் கரண்டியில் நூல் சிக்குகிறது. இழுத்தால் போல்ட்டு.

“ஏலே, ஊறுகாயில என்னத்தலே போட்டு வச்சிருக்க?”

“போல்ட்டுதான் எக்கா. மண்டில எலுமிச்சச் சாறு பட்டு ஆணியெல்லாம் அரிச்சுப் போறத எவ்வளவு பாத்திருக்கேன். உப்பும் புளிப்பும் திங்காத இரும்பு சாரலுக்கு நிக்கும்லா.”

“அப்ப ஊறுகாய யாரு திங்க?”

“ஒன் மவனுக்கே குடுத்து விடு. இரும்புச் சத்து.”

திட்டிக்கொண்டே அதைக் கொட்டினேன். பிறகு நானே ஒரு பழைய பாட்டிலில் உப்பும் சாறும் ஊற்றிக் கொடுத்தேன். சில போல்ட்டுகள் கறுத்துப்போயின. ஒன்று மட்டும் அப்படியே இருந்தது. ஆனால் அதோடு வந்த வாசர் செம்மண் நிறமாகிவிட்டது. பழைய கைப்பிடியிலும் இந்தச் சின்ன வளையம்தான் முதலில் துருப்பிடித்திருக்க வேண்டும் என்றார் தம்பி. போல்ட்டு, நட்டு, வாசர் எல்லாம் ஒரே ரகமாக வேண்டும் என்று செங்கோட்டைக்குப் போய், கேரளத்துக்குச் சரக்கு அனுப்பும் ஒரு கடையில் கேட்டார். கடைக்காரர் ஊறுகாய்க் கதைக்குச் சிரித்தாலும், கடற்கரை வீடுகளுக்கு அனுப்பும் சரக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதையும் தம்பி பாட்டிலில் போடாமல் விடவில்லை. நிறம் மாறவே இல்லை.

கைப்பிடி மாட்டிய அன்று மகன் வந்தான். நல்ல கனத்த உடம்பு அவனுக்கு. லேசாக ஆட்டிப் பார்த்துவிட்டு நகரப் போனான். தம்பி விடவில்லை.

“மருமவனே, கைய வச்சுப் பாத்தா போதுமா? தொங்கு. ஒங்க அம்மைக்காகத் தொங்கு.”

மகன் காலைத் தூக்கிக்கொண்டு தொங்கினான். கம்பி முனகக்கூட இல்லை. இறங்கி, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னான்.

“அம்மா இங்கனயே இருக்கட்டும் மாமா.”

அந்தச் சாரல் முழுக்கத் தம்பி வந்து வந்து நட்டுகளைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். பிறகுதான் நுரையீரலில் நோய் கண்டது. படுக்கையில் இருந்தபோதும், நனைந்த செருப்போடு படி ஏறாதே என்று எனக்குத்தான் புத்தி சொன்னார். பிள்ளைகள் சூழ்ந்திருக்க, அமைதியாகக் கண் மூடினார்.

தம்பியைக் கவனித்த மருத்துவர்களுக்கும் நர்சுகளுக்கும், வண்டி பிடித்து வந்த புளியங்குடி மண்டிக்காரர்களுக்கும், துக்கத்துக்கு வந்த செங்கோட்டைக் கடைக்காரருக்கும், கூடவே இருந்து பார்த்த தம்பி மனைவிக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்லுகிறது. இந்த வருடச் சாரலும் விழத் தொடங்கிவிட்டது. குற்றாலம் வருகிறவர்கள் அருவியில் குளித்துவிட்டு அப்படியே திரும்பிவிட வேண்டாம். என் வீட்டு வாசலில் நின்று ஒரு குரல் கொடுங்கள். நானே இறங்கி வந்து கூட்டிப் போகிறேன்.