கறார் அக்கா வெளியே போன கூட்டம்

எங்கள் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையில் அறங்காவலர்கள் ஏழு பேர். டாக்டர்கள் நாலு, வக்கீல் ஒருவர், ஆலை முதலாளி ஒருவர். ஏழாவது ஆள், பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற கறார் அக்கா. பட்டப்பெயர் நான் வைத்ததுதான். கூட்டக் குறிப்பு எழுதும் குமாஸ்தாவுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வரும் பரம்பரை நோயில் கணவர் போன பிறகு எங்களிடம் வந்தவர். கடை கடையாக ஏறி நன்கொடை வாங்குவார். கொடுத்தவரை வருஷம் ஒரு தடவை தேடிப் போய், "உங்க பணம் போட்ட ஆராய்ச்சி தோத்துப் போச்சுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டும் வருவார். நான் தலையில் அடித்துக்கொள்வேன். அதிசயம், அடுத்த வருஷமும் அவர்களே கொடுப்பார்கள்.

கூட்டத்தில் தாட்சண்யமே கிடையாது. தனக்கோ தன் வீட்டாருக்கோ ஆதாயம் உள்ள விண்ணப்பம் வந்தால் அந்த அறங்காவலர் வெளியே போய்விட வேண்டும் என்று ஒரு விதி. ஏட்டில் தூங்கிக் கிடந்த அதை எழுப்பி உட்காரவைத்தவர் அக்காதான். ஒருமுறை தலைவருடைய மருமகனே விண்ணப்பித்திருந்தார். "தலைவரே, கொஞ்சம் வெளியே காத்தாட உட்காருங்க" என்றார் அக்கா. அவ்வளவு பெரிய டாக்டர், பாவம், லிஃப்டுக்குப் பக்கத்து பெஞ்சில் முக்கால் மணி நேரம் பழைய பத்திரிகை படித்தார்.

இந்த வருஷம் கடைசிச் சுற்றில் இரண்டு விண்ணப்பங்கள். நிதி ஒன்றுக்குத்தான். குறைமாதக் குழந்தைகளின் நுரையீரல் பற்றி ஒன்று. நீர்க்கட்டி நோயைத் தள்ளிப்போடும் மருந்து பற்றி மற்றொன்று. டீ குடிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர். அக்கா கை தூக்கினால் மருந்து ஜெயித்துவிடும்.

விண்ணப்பங்களின் தலைப்பைத் தலைவர் படித்ததும் அக்கா எழுந்தார்.

"நான் வெளியே போறேன்."

"எதுக்கும்மா?" என்றார் தலைவர். "உங்க வீட்டுக்காரர் போய்ப் பதினஞ்சு வருஷமாச்சு. விதி உங்களைத் தடுக்காதே."

"அவர் இல்லைங்க. என் பொண்ணு. போன வாரம்தான் ஸ்கேன்ல தெரிஞ்சுது."

நாற்காலியை மேசைக்கு அடியில் சத்தமில்லாமல் தள்ளிவிட்டுப் போய்விட்டார். ஒரே மகள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குறிப்பேட்டை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன்.

"தனக்கு மிஞ்சித்தானேக்கா தானம்? நீங்க சொல்லாம இருந்தா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே. உள்ள போ தம்பி, குறிப்பு எழுத ஆள் வேணும்."

என் தலை நரைத்தும் அவருக்கு நான் தம்பிதான். போனேன். மூன்றுக்கு மூன்று வந்தது. தலைவர் தன் கூடுதல் ஓட்டைக் குழந்தைகளுக்குப் போட்டார். அவர்மேலும் குற்றம் சொல்ல முடியாது.

பெஞ்சில் இருந்தவரிடம் சொன்னேன். "குழந்தைங்கதானே, நல்லா இருக்கட்டும்" என்றார். உள்ளே வந்து உட்கார்ந்து, லிஃப்ட் பழுதுக்கு மூணு கொட்டேஷன் ஏன் வாங்கவில்லை என்று என்னை ஒரு பிடி பிடித்தார். அந்தத் திட்டையும் குறிப்பேட்டில் ஏற்றிக்கொண்டேன்.

மருந்து ஆராய்ச்சிக்குத் தனியாக நன்கொடை திரட்டலாம் என்று அன்றே தீர்மானம் போட்டிருந்தார்கள். திங்கட்கிழமை அக்கா ரசீதுப் புத்தகத்தோடு கிளம்பினார். மனசு கேட்காமல் நானும் கூடப் போனேன். முதலில் ஹார்டுவேர் கடை. முதலாளி வழக்கம்போல எதற்கு என்றுகூடக் கேட்காமல் செக் புத்தகத்தை எடுத்தார். அக்கா அதன்மேல் கையை வைத்தார்.

"இருங்க. இது என் பொண்ணுக்கு வந்திருக்கிற நோய். மருந்து கண்டுபிடிச்சா அவளுக்கும் ஆகும். அதைத் தெரிஞ்சுக்கிட்டு, இஷ்டமிருந்தா குடுங்க. இல்லைன்னா வேற ஆராய்ச்சிக்கு எழுதிக்கிறேன்."

அவர் பேனாவை மூடி வைத்தார். போச்சு என்று நினைத்தேன்.

"பொண்ணு இப்ப எப்படிம்மா இருக்கா?" என்று கேட்டார்.

இத்தனை நாளில் அறங்காவலர்களோ நானோ அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தார், முடியவில்லை. பக்கத்தில் இருந்த பெயின்ட் டின்மேல் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

ரசீதை நான்தான் எழுதினேன்.