அப்பா வாரியாக ஒரு கணக்கு

தொண்ணூறுகளின் நடுவில் டெக்சாஸில் கால்நடை மரபியல் படித்துக்கொண்டிருந்தேன். ஊரில் கேட்பவர்களிடம், மகள் மாட்டு டாக்டருக்குப் படிப்பதாகச் சொல்லி அம்மா சமாளித்துவந்தார். நான் மாடுகளை அளந்தது பெரும்பாலும் வெட்டிய பிறகு.

ரவுண்ட் ராக் என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேர டிரைவில் ஒரு பண்ணைக்காரர் இருந்தார். அவரிடம் திமில் வைத்த காளை ஒன்று. முன்னோர்கள் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன இனம். அமெரிக்காவில் அதற்குப் பெயர் பிரம்மன். மென்மையான கறிக்குப் பேர்போன கறுப்பு ஆங்கஸ் இனப் பசுக்களுக்கு அது கொடுத்த கன்றுகள், கொளுத்தும் வெயிலிலும் காய்ந்த புல்லைத் தின்று மளமளவென்று வளர்ந்தன. ஆனால் அவை வளர்ந்து வெட்டுக்குப் போனபின், உரித்துத் தொங்கவிட்ட உடலில் திமிலைப் பார்த்ததுமே வியாபாரிகள் முகம் சுளித்தார்கள். இந்த இனத்துக் கறி கடினம், உள்ளே கொழுப்பு ஓடியிருக்காது என்பார்கள். பண்ணைக்காரருக்கும் அலுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை காளையை வெட்டுக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார்.

எனக்குக் கோபம் சுலபமாக வரும். அன்றும் வந்தது. அந்தக் காளையை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

வெந்த கறித்துண்டை அறுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று கருவி வைத்து அளப்பது என் வேலை. அந்தக் காளையின் கன்றுகளோடு, வேறு பண்ணைகளின் பிரம்மன் கலப்பு மாடுகள், ஆங்கஸ் மாடுகளின் அளவுகளும் கையில் இருந்தன. வியாழன் மாலை, கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் கணவரிடம் கொடுத்தேன். சராசரி போட்டார். திமில் ரத்தம் கலந்தவை தோற்றிருந்தன. வியாபாரிகள் சொன்னது சரிதானே என்று சிரித்தார். எரிச்சலில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் உறைத்தது. ஒரே இனத்துக்குள்ளேயே காளைக்குக் காளை எவ்வளவோ வேறுபடும். படித்ததையே மறந்திருக்கிறேன்.

"நீங்க இனம் வாரியா கணக்குப் பண்ணிட்டீங்க. அப்பா வாரியா பண்ணிப் பாருங்க."

பண்ணினார். இந்தக் காளையின் பிள்ளைகள் தனியாகத் தெரிந்தன. அசல் ஆங்கஸ் கறிக்கு இணையான மென்மை.

மறுநாள் காலை நான் போனபோது காளை டிரெய்லரில் ஏறியிருந்தது. நான் கொண்டுபோன கணக்குத் தாளைப் பண்ணைக்காரர் நெடுநேரம் படித்தார். எத்தனை கன்றுகளை வைத்து இதைச் சொல்கிறாய் என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். அது போதுமா என்றார். போதும் என்ற பொய் நாக்கு நுனி வரை வந்தது. போதாது, இப்போதைக்கு இது நம்பிக்கைதான், நிரூபணம் இல்லை என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இன்னும் முப்பது கன்று பிறந்தால் போதுமா என்று கேட்டுக்கொண்டே டிரெய்லரின் கதவைத் திறந்தார்.