ஒரே பாட்டு, சிதம்பரம் வரைக்கும்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் எங்கள் பஸ் புதுச்சத்திரத்தில் நிற்கிறது. மழைக்காற்றில் ரோட்டில் மரம் விழுந்திருக்கிறது. ஒரு பஸ் விபத்தில் சிக்கிய பிறகு இன்றுதான் என் வீட்டுக்காரர் மறுபடி பஸ் ஏறியிருக்கிறார். காதில் சிவன் பாட்டு ஓடினால்தான் அவருக்கு நடுக்கம் அடங்கும். இப்போது சிக்னல் போய்ப் பாட்டு நின்றுவிட்டது. என் மணிக்கட்டை நோக இறுக்குகிறார்.

“நேத்தே எல்லாப் பாட்டையும் டவுன்லோட் போட்டேனே!” என்று ஃபோனைத் தட்டுகிறேன். ஒன்றும் பாடவில்லை.

பக்கத்து சீட்டுப் பரங்கிப்பேட்டைப் பெண், தலையில் துப்பட்டாவைச் சரிசெய்தபடி ஃபோனை வாங்குகிறாள்.

“டவுன்லோடுக்குன்னு தனி எடம் இருக்குக்கா, இதோ பாருங்க. ஒரே பாட்டுதான் எறங்கியிருக்கு. மத்ததுக்கு ஃபோன்ல எடமில்ல. காலைல காலைல வர்ற சாமி படத்தையெல்லாம் அழிக்கவே மாட்டீங்களா?”

“சாமிய எப்படிம்மா அழிக்கிறது?”

“எங்கம்மாவும் இப்படித்தான். மக்கா படத்துல கை வைக்க வுடமாட்டாங்க,” என்று சிரிக்கிறாள். “இருக்கிற ஒண்ணையே திரும்பத் திரும்பப் பாட வுட்டிருக்கேன். போதுமாக்கா?”

மரத்தை இழுத்துவிட்டார்கள். பஸ் குலுங்கிக் கிளம்புகிறது. நடராஜா என்று கண்ணை மூடிக்கொள்கிறேன். சற்று நேரத்தில், மணிக்கட்டை இறுக்கியிருந்த விரல்கள் அதன்மேலேயே மெல்லத் தாளம் போடுகின்றன.