இலையை முதலில் யார் மூடுவது?

ஒத்தக்கடை தாண்டியதும் நெஞ்சுக்குள் யாரோ முழங்கையால் இடித்த மாதிரி இருந்தது. "எனக்கு அட்டாக்" என்று அறிவித்துவிட்டேன். என்ன நோய் என்பதை எப்போதும் நானே முடிவு செய்துவிடுவேன். மருந்தை மட்டும்தான் டாக்டருக்கு விட்டுக்கொடுப்பது.

திருவாதவூரில் கொழுந்தியாள் மகனுக்குக் காதுகுத்து. கிடாவிருந்து முடித்து மதுரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மச்சினன் கார் ஓட்டினான். அவன் பக்கத்தில் மாமனார் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். என்னோடு பின்னால் இருந்த மனைவி, கையைப் பிடித்து நாடி பார்த்தாள். அவள் பிடித்தது முழங்கை எலும்பை. துடிப்பே இல்லை என்று அவள் சொன்னதும் எனக்கு வியர்த்து ஊற்றியது.

காருக்குள் காரணம் தேட ஆரம்பித்தார்கள். ஆபீஸ் டென்ஷன் என்றான் மச்சினன். வாக்கிங் போங்க போங்க என்று தான் தலையில் அடித்துக்கொண்டதை மனைவி நினைவுபடுத்தினாள். காலையில் தின்ற ஒற்றை பஜ்ஜிகூடக் கூண்டில் ஏறியது. விருந்தை மட்டும் யாரும் தொடவில்லை. தங்கச்சி வீட்டுச் சோற்றை யார் குறை சொல்வது? நானோ சாகப்போகிறவனின் பெருந்தன்மையோடு எல்லாரையும் மன்னித்துக்கொண்டே வந்தேன். ஏடிஎம் பின் நம்பரை மட்டும் சொல்லவில்லை. அம்புட்டுப் பெருந்தன்மை இன்னும் வந்திருக்கவில்லை.

கோரிப்பாளையம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் என்னைப் படுக்கவைத்து ஈசிஜி ஒயர்களை ஒட்டினார்கள். அப்போதுதான் வாசலில் நின்ற மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். வழியெல்லாம் அவருக்கும் அதே வலியாம். மாப்பிள்ளையே பதறும்போது தானும் சொன்னால் மகள் தாங்கமாட்டாள் என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். எழுபது தாண்டிய மனிதர். அதுவரை நான் பட்ட பயமெல்லாம் நடிப்பு; நிஜப் பயம் அப்போதுதான் வந்தது.

இரண்டு பேருடைய ஈசிஜியும் சரியாக இருந்தது. வெறும் வாயு. அளவுக்கு மீறித் தின்றதால் வந்தது என்று சொன்ன டாக்டரம்மா, இந்த வயசில் இப்படியா சாப்பிடுவீங்க என்று பெரியவரைக் கேட்டார்.

"மாப்ள இலைய மூடாம நான் எப்பிடிம்மா எந்திரிக்கிறது? மரியாதையா இருக்காதுல்ல" என்றார் மாமனார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பந்தியில் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பெரியவர் மூடட்டும், அப்புறம் மூடுவோம் என்று நானும் காத்திருந்தேன். காத்திருக்கையில் சும்மா இருக்க முடியுமா? எனக்காக அவர் ஒரு உருண்டை, அவருக்காக நான் ஒரு உருண்டை. திறந்த இலையைக் கண்டால் பரிமாறுகிறவன் விடுவானா? அவன் பங்குக்கு அவனும் சுக்காவை அள்ளி வைத்தான். காரில் ஒரே ஒரு குற்றவாளியைத் தேடியதுதான் தப்பு. கொலைக்குக்கூட ஒரு ஆள் போதும். இந்த வயிற்று உப்புசத்துக்கு இரண்டு மரியாதைக்காரர்கள் வேண்டியிருந்தது.

இரண்டு கட்டிலுக்கும் நடுவே மனைவி நின்றாள். கண் சிவந்திருந்தது.

"ஒருத்தருக்கொருத்தர் மரியாதை குடுத்தே என்னைய அநாதையாக்கிருப்பீங்க."

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். எனக்குத்தான் அந்தப் பழக்கம் இல்லையே. "எங்கள மாமன் மாப்பிள்ளை ஆக்குனதே நீதானே. இதுல ஓம் பங்கும் இருக்குல்ல" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மாமனார் சிரிக்கப் போய்ப் பெரிய ஏப்பமாக விட்டார். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் முதுகைத் தடவிவிட்டாள்.

"இன்னொண்ணு விடுங்கப்பா" என்றவள், என் பக்கம் திரும்பினாள். "நீங்களுந்தான்."