கடைசியா என்ன செஞ்சீக?

ஜெபராணி இறந்த செய்தி எனக்கு ஓர் ஆர்டராகத்தான் வந்தது. சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஊரில் யார் போனாலும் அஞ்சலிச் சுவரொட்டிக்கான படம் முதலில் எங்கள் மேசைக்கு வந்துவிடும். போன மாதம் ஒரு காலையில் அவருடைய தம்பி வந்து ஒரு புகைப்படத்தை நீட்டினார். "அக்கா முகத்தை மட்டும் பெருசாக்கிக் குடுங்க. கையில இருக்கிற வாளி வேண்டாம்" என்றார். படத்தை வாங்கிப் பார்த்த பிறகுதான் எந்த அக்கா என்று எனக்கு உறைத்தது. அந்தப் படத்தை எடுத்தவனே நான்தான். வேண்டாம் என்று தம்பி சொன்ன அந்த வாளியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு வேலைக்குப் போய்வந்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில் அவர் சூப்பர்வைசர். அப்பா பள்ளி ஆசிரியர், அம்மா நர்ஸ். வேதியியல் படித்த மகளும் டீச்சராகப் போவாள் என்று வீட்டில் நினைத்திருக்க, இவர் மருந்து அறைகளின் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்து. என்னைவிட ஆறு வயது இளையவர். நான் யாரைப் பார்த்தும் லேசில் அசந்துபோகிற ஆள் இல்லை. என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் என் தலைக்கனத்தைப் பற்றி விரிவாகச் சொல்வார்கள். அப்படிப்பட்ட நான் வாயடைத்து நின்றது இவரிடம் மட்டும்தான்.

முதல் சந்திப்பே சண்டை. தொழிற்சாலையின் விலைப்பட்டியல் புத்தகத்துக்குப் படம் எடுக்கப் போயிருந்தேன். வாசலிலேயே நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொன்னார். செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார். உடம்பில் சேரும் மின்சாரத்தை மண்ணில் இறக்குவதற்காக அங்கே நட்டிருக்கும் செம்புத் தகட்டைத் தொடச் சொன்னார். அதோடு விட்டாரா? கேமராவோடு மருந்து அறைகள் இருக்கும் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது, கேட்டை ஒட்டிய வேப்பமரத்தடி ஷெட்டில்தான் எடுக்க வேண்டும் என்றார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "வெளிச்சம் சரியில்லேன்னா படம் நல்லா வராதும்மா" என்றேன். "படம் நல்லா வந்துச்சான்னு பார்க்க நீங்க வீடு போய்ச் சேரணும்ல, அண்ணே" என்றார். சிரிக்காமல் சொன்னார். நான் ஷெட்டுக்குப் போனேன்.

அப்போதுதான் எங்கள் முதலாளி பிலிம் கேமராவை மூட்டை கட்டிவிட்டு டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தார். வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவரைக் கரைத்து வாங்க வைத்தவன் நான். ஆடிப்பெருக்குக்குள் புத்தகம் வெளியூர் ஏஜெண்டுகளின் கைக்குப் போயாக வேண்டும். புஸ்வாணம், சங்குசக்கரம், சரவெடி, கம்பி மத்தாப்பு என்று ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். மூன்றாம் நாளே கேமரா படுத்துக்கொண்டது.

படுத்துக்கொண்டது என்றால் செத்துவிடவில்லை. செத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பத்துப் படம் எடுக்கும். பதினோராவதுக்கு அமுக்கினால் பின்னாலுள்ள திரையில் ஒரு செய்தி வரும்: லென்ஸுக்கும் கேமராவுக்கும் இணைப்பில் கோளாறு, லென்ஸின் தொடுமுனைகளைத் துடைக்கவும். லென்ஸைத் திருகிக் கழற்றினால் அதன் அடியில் வரிசையாகச் சின்னஞ்சிறு பொன்னிறப் புள்ளிகள் இருக்கும். அவை வழியாகத்தான் இரண்டும் பேசிக்கொள்கின்றன. நானும் துடைத்து மாட்டுவேன். நாலு படம் எடுக்கும், மறுபடி நிற்கும். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். வேறொரு சின்ன லென்ஸை மாட்டினேன். அது ஒரு நாள் ஒழுங்காக ஓடிவிட்டு மறுநாள் அதுவும் அதே பாட்டைப் பாடியது. மதுரைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் திறந்து பார்த்து, சுத்தம் செய்து, "ஒரு கோளாறும் இல்லையே சார்" என்று கையில் கொடுத்தார். அவர் கடையில் வரிசையாக ஐம்பது படம் எடுத்தது. தாயில்பட்டிக்கு வந்ததும் நின்றது.

முதலாளி கூப்பிட்டுவிட்டார். "இந்த வாரத்துக்குள்ள முடியலைன்னா வேலையை மெட்ராஸ் ஸ்டுடியோவுக்குக் குடுத்துருவேன். நீ பைண்டிங்கப் பாத்துக்க" என்றார். பதினான்கு வருடம் கேமரா பிடித்தவனுக்குப் பைண்டிங் பிரிவில் பசை தடவும் வேலை. அன்று மதியம் நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, கேமராவைக் கெட்ட வார்த்தையில் வைதுகொண்டிருந்தேன். ஜெபராணி சாத்தூர் சேவுப் பொட்டலத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"எனக்கு கேமரா தெரியாது அண்ணே. ஆனா ஒழுங்கா ஓடுன சாமான் ஏன் நிக்கும்னு கொஞ்சம் தெரியும்" என்றார். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். மருந்து அறைகளில் எந்த வேலை நின்றாலும், ஒரு திரி நமத்துப்போனாலும், அவர் எழுதி வைக்கிற நோட்டு அது. "மொத வாட்டி நின்னப்ப, அதுக்கு முன்னால கடைசியா என்ன செஞ்சீக?"

"என்ன செஞ்சேன், படம் எடுத்தேன்."

"அதுக்கு முன்னால?"

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை, சின்ன லென்ஸ் நின்ற தடவை என்று ஒன்று விடாமல் அதே கேள்வி. சேவு தீர்ந்துவிட்டது, கேள்வி தீரவில்லை. வெயில், புழுக்கம், செம்புத் தகடு என்று நான் வைத்திருந்த காரணங்களையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், அவற்றில் ஒன்றைக்கூட எழுதவில்லை. நடுவில், "நின்ன நாளை அம்புட்டும் சொல்லிட்டீக. நிக்காத நாள் எது?" என்றார். யோசித்துப் பார்த்தேன். போன செவ்வாய்க்கிழமை நாள் முழுக்க நிற்கவே இல்லை. அவசரத்தில் கேமராப் பையை வீட்டில் விட்டுவிட்டு, கேமராவை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு வந்த நாள். மாரியம்மன் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டேன் என்றேன்.

அவர் நோட்டைத் திருப்பி என்னிடம் காட்டினார். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரே வார்த்தை இருந்தது: துடைச்சேன். காலையில் வந்ததும் துடைச்சேன், நின்றதும் துடைச்சேன், சின்ன லென்ஸையும் துடைச்சேன். "எதை வச்சுத் துடைச்சீக?" என்றார்.

பையிலிருந்து துணியை எடுத்துக் கொடுத்தேன். வெள்ளிப் பவுடர் எனப்படும் அலுமினியத் தூளைக் கையாளும் அறையில் வேலை செய்பவர்கள் மூக்கையும் வாயையும் மறைத்துக் கட்டுகிற பருத்தித் துணி. துவைத்துத் துவைத்து நைந்து, பூப்போல ஆகிவிடும். கடையில் விற்கிற எந்த லென்ஸ் துணியும் அதற்கு ஈடாகாது. அங்கே வேலை செய்யும் ஒரு பெண்மணியிடம் வாசலில் கேட்டேன், வெளுத்துக் காயவைத்து மூன்று துணி கொடுத்தார். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டிருந்த சமாச்சாரம் அது.

ஜெபராணி துணியோடு எழுந்தார். போய் ஒரு ரப்பர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். துணியை அதில் முக்கி மெதுவாகப் பிசைந்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, தண்ணீர் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்தார். கறுத்த வாளிக்குள் தண்ணீரின் மேலே ஒரு வெள்ளி ஏடு படர்ந்து வந்தது. மரத்தடி நிழலிலும் அது மின்னியது. துவைத்து வெளுத்து, வெள்ளைவெளேரென்று நான் மூன்று வாரமாகக் கையில் வைத்திருந்த துணியிலிருந்து அத்தனையும் வந்தது.

"இந்தப் பவுடர் தண்ணியில நனையாது அண்ணே. துவைச்சா இழைக்குள்ள போய் உக்காந்துக்கிடும். காஞ்சப்புறம் கொஞ்சங்கொஞ்சமா வெளிய வரும். நீங்க துடைக்கலை, பூசிக்கிட்டு இருந்திருக்கீக."

எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. பசை வாளியிலிருந்து தப்பித்தேன் என்று வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "மூணு துணின்னீகளே, மத்த ரெண்டு எங்க?" என்றார்.

அப்போதுதான் என் சிரிப்பு நின்றது. மெத்தென்று இருக்கிறதே என்று மற்ற இரண்டையும் வீட்டில் கொடுத்திருந்தேன். என் மனைவி முத்துலட்சுமி அவற்றை அடுப்படியில் வைத்திருந்தாள். சோற்றுப் பானையை இறக்கப் பிடிதுணி.

"வெள்ளிப் பவுடர் மட்டும்னா தேவலை. கூட எந்த மருந்து ஒட்டியிருக்கோ, யாருக்குத் தெரியும்" என்று சொல்லும்போதே அவர் எழுந்துவிட்டார். வாசலில் என் செல்போனைக் கொடுத்து, வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்குப் போன் போடச் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவர் தன் மொபெட்டில் முன்னால் போக, நான் பைக்கில் பின்னால் போனேன். சிவகாசி போய்ச் சேரும்வரை எங்கள் வீட்டு அடுப்பைத் தவிர வேறெதுவும் என் மண்டையில் ஓடவில்லை. ஐந்து வயது மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து அடுப்படியில்தான் உட்கார்ந்து எழுதுவாள்.

வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்புக்கு ஒரு சாண் தள்ளி, ஆணியில் ஒரு துணி தொங்கியது. இன்னொன்று முத்துலட்சுமியின் தோளில் கிடந்தது. நான் கத்தியிருப்பேன். ஜெபராணி என் கையைத் தொட்டு நிறுத்திவிட்டு, "மதினி, ஒரு நிமிசம் அடுப்பை அமத்துங்க. குடிக்கத் தண்ணி வேணும்" என்றார். அடுப்பு அணைந்தது. "அண்ணனோட கேமராவுக்கு இந்தத் துணிதான் தோதா இருக்காம். ரெண்டையும் நான் எடுத்துக்கிடுதேன். நாளைக்குப் புதுத் துணி குடுத்து விடுறேன்" என்றார். இரண்டையும் வாங்கி, முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியருகே இருந்த வாளிக்குள் அமுக்கினார். அப்புறம் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரை முழுதும் குடித்தார். வைய வேண்டிய என்னை என் மனைவி முன்னால் ஒரு சொல் சொல்லவில்லை. வாசலுக்கு வந்தபிறகு இவ்வளவுதான் சொன்னார்: "கேமரா மூணு வாரமாச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கு அண்ணே. நீங்க அதைப் போயி வஞ்சுக்கிட்டு இருந்தீக."

மறுநாள் காலை மெடிக்கல் ஷாப்பில் பஞ்சும் ஸ்பிரிட்டும் வாங்கி, வீட்டிலேயே தொடுமுனைகளைத் துடைத்துவிட்டு ஷெட்டுக்குப் போனேன். சோதித்துப் பார்க்க எதை எடுப்பது என்று நிமிர்ந்தபோது அவர் வாளியோடு எதிரே வந்துகொண்டிருந்தார். அதுதான் அந்தப் படம். அதற்குப் பிறகு புத்தகம் முடியும்வரை கேமரா ஒரு தடவைகூட நிற்கவில்லை.

துணி கொடுத்தது யார் என்று அவர் கேட்பார் என்று பயந்துகொண்டே இருந்தேன். பெயரைச் சொன்னால் அந்தப் பெண்மணிக்கு வேலை போகும். கேட்கவே இல்லை. நானாக வாயெடுத்தபோது தடுத்துவிட்டார். "கேட்டா அடுத்த வாட்டி எனக்குத் தெரியாமக் குடுப்பாக. கேக்கலைன்னா எங்கிட்ட வந்து சொல்லுவாக" என்றார். அன்று முதல் சாயங்காலம் வேலை முடிந்ததும் வாய்த்துணிகளை எண்ணி வாளியில் போட்டுவிட்டுத்தான் எல்லோரும் வாசலைத் தாண்டினார்கள். கொடுத்தவர் நாலாம் நாள் தானாகவே போய்ச் சொல்லிவிட்டாராம்.

எத்தனையோ பெரிய படிப்புப் படித்தவர்களோடு பழகியிருக்கிறேன். ஒரு லென்ஸ் ஏன் நிற்கிறது என்று தொடங்கி, தான் பார்த்தே இராத ஒரு வீட்டின் அடுப்படிவரை யோசித்துப் போகிற மூளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மூன்று வருடம் கழித்து இப்போது நினைத்தாலும் பிரமிப்பு அடங்கவில்லை. அத்தனை கவனமாக எல்லோரையும் பார்த்துக்கொண்டவர், தன் உடம்பில் நோய் முற்றியதைக் கவனிக்கவில்லை என்பதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடக்கத்துக்கு நானும் முத்துலட்சுமியும் போயிருந்தோம். கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமில்லை. சீசன் நேரத்தில் வேலையை விட்டு அவ்வளவு பேர் வந்திருந்தார்கள். திரும்பி வரும் வழியில், இனியும் மறைப்பது தப்பு என்று தோன்றி, அந்தத் துணி விஷயத்தை முத்துலட்சுமியிடம் முழுதும் சொன்னேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். "எந்தோள்ல இருந்து துணியை எடுக்கையில அவுக கை நடுங்குச்சு. கேமராத் துணிக்கு யாருக்காவது கை நடுங்குமா? உங்க மானத்தைக் காப்பாத்த அம்புட்டுப் பாடுபட்டாகளேன்னு நானும் கேக்கலை."

அந்தக் கை நடுங்கியதை நான் பார்க்கவே இல்லை. பக்கத்தில்தான் நின்றேன்.

சுவரொட்டியில் வாளியை வெட்டிவிட்டேன். தம்பி கேட்டபடி முகம் மட்டும் வந்தது. வெட்டாத படம் என் கேமராப் பையில் இருக்கிறது. அந்த நோட்டிலிருந்து அவர் கிழித்துக் கொடுத்த பக்கமும் இருக்கிறது, வரிக்கு வரி 'துடைச்சேன்' என்ற வார்த்தையோடு. இப்போதும் எப்போதாவது லென்ஸ் நிற்கும். நான் வைவதில்லை. கேமராவைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுக்குப் போன் போட்டு, எல்லோரும் சுகமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பிறகுதான் பஞ்சை எடுக்கிறேன்.