சிவப்பு வட்டத்துக்குள் இரண்டு கைகள்

என் அத்தை மூச்சுக்குத் தவித்ததை நான் சிரிப்பு வீடியோவாக்கி ஊருக்கெல்லாம் காட்டினேன். அது நடிப்பல்ல என்பது தெரிந்தே காட்டினேன்.

தெரியாமல் நடந்துவிட்டது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் அப்படிச் சொல்லப்போவதில்லை. நீங்கள் அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவர்கள். எதைப் பார்த்துச் சிரித்தீர்கள் என்று உங்களுக்குத் தெரியவேண்டாமா?

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் எனக்குக் குமாஸ்தா வேலை. பகலெல்லாம் கண்டெய்னர் காகிதங்கள். மிச்ச நேரத்துக்கு ஒரு பைத்தியம் வைத்திருந்தேன். அறுபதுகளில் சொற்பச் செலவில் எடுத்துத் தள்ளிய கறுப்பு வெள்ளைப் பேய்ப்படங்கள்! நூலில் ஆடும் வௌவால், கைக்கடிகாரம் கட்டிய பிசாசு, ஒரே பங்களாவை மூன்று ஊராகக் காட்டும் சாமர்த்தியம், பயமுறுத்த வழி தெரியாதபோதெல்லாம் ஒரு பெண்ணைத் தண்ணீரில் நனைத்துக் காட்டும் அற்பத்தனம்... எல்லாவற்றையும் விழுந்து விழுந்து பார்ப்பேன். நல்ல படம் பார்த்தால் எனக்குக் கொட்டாவி வரும்.

பார்த்ததோடு நின்றிருந்தால் தொலையட்டும். சொந்தமாக ஒரு சானல் தொடங்கினேன். படத்தில் எங்கே கோட்டை விட்டிருக்கிறார்கள் என்று தேடிப் பிடிப்பேன். அந்த இடத்தில் நிறுத்தி, சிவப்பு வட்டம் போட்டு, நானே குரல் கொடுத்து நையாண்டி செய்வேன். சிவப்பு வட்டம்தான் என் முத்திரை. "அண்ணாச்சி, அடுத்த வட்டம் எப்போ?" என்று எழுதிக் கேட்டீர்களே... நினைவிருக்கிறதா?

இப்போது அப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் பெரியதாழை. இளவயதில் தூத்துக்குடிக் கடலில் சங்கு குளித்தவர். கடலுக்குள் இறங்குகிறவன் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். அதன் மறுமுனை வள்ளத்தில் இருப்பவன் கையில். அந்தக் கயிற்றைக் கண்டவனிடம் கொடுக்கமாட்டார்கள். மனைவியின் உடன்பிறந்தவனிடம்தான் கொடுப்பார்கள். தங்கை தாலியறுக்கக் கூடாதே என்ற பதைப்பு அவன் ஒருவனுக்குத்தான் இருக்கும். கயிறு பிடிக்கிறவன் வள்ளத்தில் யார் பேச்சையும் கேட்கக்கூடாது. கீழேயிருந்து கயிறு இரண்டு வெட்டு வெட்டினால், அதாவது இரண்டு தடவை வெடுக்கென்று சுண்டினால், உடனே மேலே இழுக்கவேண்டும். வேறு சட்டமே கிடையாது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில், சாவதற்குச் சில நாள் முன்பு, ஒரு மத்தியான வேளையில் அப்பா என்னைக் கதவைச் சாத்தச் சொன்னார்.

மதராஸிலிருந்து ஒரு படக் கம்பெனி வந்திருந்ததாம். பண்ணையார் கடலில் தள்ளிக் கொன்ற பெண் பேயாக வரும் கதை. கதாநாயகிக்குத் தண்ணீர் என்றாலே நடுக்கம். அவளுக்குப் பதிலாகக் கடலுக்குள் தம் பிடிக்க ஒரு பெண் தேவைப்பட்டாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் சங்கு குளிக்கப் போவதில்லை. ஆனால் அப்பாவின் தங்கை பிலோமினா அத்தை அண்ணனோடு சேர்ந்து நீச்சல் பழகியவள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. முகம் தெரியாது, தலைமுடி மறைத்துவிடும் என்று கம்பெனிக்காரர்கள் சத்தியம் செய்தார்கள். அண்ணன் கயிறு பிடித்தால் இறங்குகிறேன் என்றாள் அத்தை.

ஒரு தீவின் ஓரத்தில், தெளிந்த தண்ணீரில், வெள்ளைச் சேலை கட்டி, இடுப்பில் கல்லும் கயிறும் கட்டி இறக்கினார்கள். கண்ணாடி பதித்த மரப்பெட்டிக்குள் கேமராவை வைத்து, பெட்டியைப் பாதி கடலுக்குள் அமிழ்த்திப் படம் பிடித்தார்கள். சேலை காலைச் சுற்றிக்கொண்டது. கல்லைக் கட்டிய முடிச்சு இறுகிவிட்டது. அத்தை கயிற்றை இரண்டு வெட்டு வெட்டினாள்.

"இழுக்காதே! பிரமாதமா வருது! அப்படியே பிடி!" என்று டைரக்டர் கத்தினார்.

அப்பா அப்படியே பிடித்தார்.

"மாதாவுக்கு ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லி முடிக்கிற நேரம்ல... அம்புட்டு நேரம் சும்மா பிடிச்சிக்கிட்டு நின்னேன். அவ வெட்டுதா, வெட்டுதா... கைக்கு வந்துக்கிட்டே இருக்கு. சினிமாக்காரன் சத்தம் போட்டதும் என் கை நின்னுபோச்சு."

தூக்கிப் போட்டபோது அத்தையின் இரண்டு காதிலும் இரத்தம். உயிர் பிழைத்தாள். காது அன்றோடு போயிற்று. செவிட்டுப் பெண் என்று யாரும் கட்டிக்கொள்ள வரவில்லை. வள்ளத்துக்கடியில் கயிறு சிக்கிவிட்டது என்று அப்பா எல்லாரிடமும் சொன்னார். அத்தையும் நம்பினாள். நம்பியது மட்டுமா! சிக்கிய கயிற்றை அண்ணன் உள்ளங்கைத் தோல் உரிய இழுத்துத் தன்னைக் காப்பாற்றினான் என்று அறுபது வருஷமாகப் பெருமை பேசினாள். எங்கள் வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் அந்தக் கையைச் சொல்லியே சமாதானம் செய்வாள்.

"அவகிட்ட மட்டும் சொல்லிராதல. அவளுக்கு நான் ஒருத்தன்தான்" என்றார் அப்பா.

சொல்லமாட்டேன் என்று அவர் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். எனக்கு எரிச்சலாக இருந்தது. அறுபது வருஷம் தூக்கித் திரிந்ததைப் போகிற போக்கில் என் தலையில் இறக்கி வைத்துவிட்டுப் போகிறாரே! அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, பார்வையாளர் ஒருவர் எனக்கு ஒரு பழைய படத்தை அனுப்பினார். படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இந்த நிமிஷமே தேடுவீர்கள்... உங்களை எனக்குத் தெரியாதா!

பாதிப் படத்தில் கடல் வந்தது. தண்ணீருக்குள் வெள்ளைச் சேலை. முகத்தை மூடிய முடி. இடுப்பிலிருந்து மேலே போகும் கயிறு. கொட்டகையில் திரைக்கு வெளியே விழுந்து மறைந்துபோன மேல்பகுதி, படச்சுருளை முழுதாகக் கணினியில் ஏற்றியதில் தெரிந்துவிட்டது. மேல் மூலையில், தண்ணீருக்கு மேலே, வள்ளத்தின் விளிம்பு. அதில் கயிற்றைப் பிடித்த இரண்டு கைகள். இடது கையில் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. சின்ன வயதில் அப்பா மீன் வெட்டும்போது இழந்த விரல் அது.

கைகள் அசையவில்லை.

முதல் தடவை பார்த்து அழுதேன். பொய்யில்லை, வாய்விட்டே அழுதேன். மறுபடி போட்டுப் பார்த்தேன். நாலாவது தடவை அழுகை வரவில்லை. எட்டாவது தடவை, ஒளி எங்கே நன்றாக விழுகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தேன். பதினோராவது தடவை... எனக்கு ஒரு ஜோக் தோன்றிவிட்டது!

என்ன மனுஷன் நான்? கேளுங்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அத்தை கயிற்றை இரண்டு இரண்டாக வெட்டி இழுக்கிறாள் அல்லவா? பழைய பஸ்ஸில் கண்டக்டர் மணிக்கயிற்றை இழுப்பது போலவே இருந்தது. டிங் டிங் என்று மணிச்சத்தம் சேர்த்தேன். "போலாம் ரைட்!" என்று பெண்குரலில் நானே பேசினேன். அப்புறம் அந்த மூலையில் நிறுத்தி, சிவப்பு வட்டம் போட்டு, "பேய்க்குக் கயிறு பிடிக்க ஆள் வெச்சிருக்காங்க பாருங்க மக்களே! அண்ணாச்சி அசையாம நிக்காரு, சம்பளம் வரலை போல!" என்றேன்.

என் அப்பாவைத்தான் சொன்னேன்.

முகம் தெரியவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அத்தையிடம் செல்போன் இல்லை. காதும் கேட்காது. யாருக்குத் தெரியப்போகிறது? கொஞ்ச காலமாக என் சானலில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்குக் கூட்டம் வேண்டியிருந்தது... அவ்வளவுதான். இதற்குமேல் அதில் ஒரு ஆழமும் இல்லை.

கூட்டமாக வந்தீர்கள்! அந்த இரண்டு வெட்டை நீங்களே கையால் செய்து காட்டினீர்கள். கல்லூரி விழாவில் ஆடினீர்கள். வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கர் ஆக்கினீர்கள். என் குடும்பக் குழுவிலேயே அது வந்தது, நானும் சிரிக்கும் பொம்மை போட்டேன். ஒருவருக்காவது அந்தப் பெண் ஏன் இப்படித் துடிக்கிறாள் என்று தோன்றவில்லையா? உங்களைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்!

பெரியதாழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து கோவில் முற்றத்தில் பெண்பிள்ளைகள் நின்றிருக்கிறார்கள். ஒருத்தி கையைத் தூக்கி இரண்டு வெட்டு வெட்டுகிறாள். மற்றவள் பதிலுக்கு வெட்டுகிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். அத்தைக்குச் சத்தம் கேட்காது. கை அசைவுதான் அவளுக்குப் பேச்சு. அவர்கள் நடுவில் ஓடிப்போய் நின்றாளாம். எண்பதைத் தாண்டிய கிழவி, ஓடியிருக்கிறாள்.

"யாருக்கு மூச்சு முட்டுது? ஏளா, யாரு இத உங்களுக்குச் சொல்லிக்குடுத்தது?"

பக்கத்து வீட்டு ஜெனி, உங்கள் மருமகன் போட்ட வீடியோதான் என்று சிரித்துக்கொண்டே செல்போனைக் காட்டினாள். பிள்ளைமேல் தப்பில்லை. ஜெனியின் அம்மாதான் எனக்குப் போன் செய்தாள். "அண்ணே, அத்த காலைலேருந்து போன வச்சிக்கிட்டு உக்காந்திருக்கு, குடுக்க மாட்டேங்குது. என்னன்னு தெரியல, வாங்க" என்றாள்.

போனேன். அப்பாவின் படம் சுவரில் இல்லை. ஆணி மட்டும் இருந்தது. அத்தை திரையை என் பக்கம் திருப்பினாள். சிவப்பு வட்டத்தில் நிறுத்தி வைத்திருந்தாள். அந்தப் பாதிச் சுண்டுவிரல்மேல் தன் விரலை வைத்தாள்.

"இது எங்கண்ணன் கைதானல?"

தலையசைத்தேன்.

"கயிறு சிக்கலயேல... கைலதான இருக்கு. நான் வெட்டுதேன், அவன் பிடிச்சிக்கிட்டு நிக்கான். ஏன் இழுக்கல?"

அண்ணனை அவள் 'அவன்' என்று சொல்லி நான் கேட்டதேயில்லை. என்னிடம் பதில் இருந்தது. டைரக்டர் கத்தியது, அப்பாவின் கை நின்றது, சாகும்வரை அவர் அதை நினைத்தே நொந்தது... எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. சொல்லியிருந்தால் அவளுக்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். மன்னிப்பதோ திட்டுவதோ, அவள் பாடு.

"உங்கப்பன் உங்கிட்ட ஏதும் சொன்னானா? உனக்குத் தெரியுமால?"

அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் படிக்க வேண்டுமே என்று ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாகச் சொன்னேன்.

"தெரியாது, அத்த."

அத்தையின் முகம் தளர்ந்தது. முந்தானையை எடுத்து என் கண்ணைத் துடைத்தாள். ஆமாம், நான் அழுதுகொண்டிருந்தேன். பயத்தில்!

"அதான பாத்தேன். தெரிஞ்சிருந்தா நீ செய்வியா மக்கா? அழாத. நீயாவது எங்கிட்ட மறைக்கலயே... அது போதும்."

வீடியோவை அன்றே அழித்தேன். என்ன பிரயோஜனம்? உங்கள் செல்போன்களில் அது ஆயிரம் துண்டாக ஓடிக்கொண்டிருக்கிறது.

செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். வீடியோ போட்டதைச் சொன்னேன். அத்தையிடம் சொன்ன பொய்யைச் சொல்லவில்லை, வாய் வரவில்லை. சாமியார் நல்லவர். பரிகாரமாகப் பத்து அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். முழங்காலிட்டு முதல் மந்திரத்தைத் தொடங்கினேன். முடிக்கும்போதுதான் உறைத்தது... இவ்வளவு நேரம்! நின்று நிதானித்து ஒரு மந்திரம் சொல்லும் இவ்வளவு நேரம் அவள் வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள்! எழுந்து வந்துவிட்டேன். மிச்சம் ஒன்பதை இன்றுவரை சொல்லவில்லை.

இந்த வருஷம் அப்பாவின் நினைவுநாளுக்கு அத்தை பூசை கொடுக்கவில்லை. கேட்கிறவர்களிடம், "செத்தவன் பேச்ச விடுங்க, எனக்கு எம் மருமவன் இருக்கான்" என்கிறாள். என்னைத்தான் சொல்கிறாள். நான் போகும் நாளில் காலையிலேயே குளித்து, வெளுத்த சேலை கட்டி, வாசலில் வந்து நிற்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, பொய் சொல்லத் தெரியாத பிள்ளை என்று என்னைக் காட்டுகிறாள்.

அப்பா ஒரு மந்திர நேரம் பிடித்து நின்றார். நான் எத்தனை மாதமாக நிற்கிறேன், பாருங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையும் பெரியதாழைக்குப் போவேன். அவளுக்குப் பிடித்த சீலா மீன் வாங்கிப் போவேன். முள்ளெடுத்துக் கொடுப்பாள், சாப்பிடுவேன். சொல்லமாட்டேன்.